சின்ன ஸ்டுடியோவில் கிரீன் ஸ்கிரீன்: லைட் தேர்வு முதல் டெஸ்ட் ஷாட் வரை

பச்சைத் திரை முன் எடுத்து, பிறகு பின்னணியை மாற்றும் கிரீன் ஸ்கிரீன் வீடியோ சரியாக வராதபோது பெரும்பாலும் மென்பொருளைத்தான் குறை சொல்கிறோம். முடி ஓரத்தில் பச்சை மினுங்கும், தோளைச் சுற்றி ஒரு கோடு தெரியும், கையை அசைத்தால் விரல்களுக்கு நடுவே ஓட்டை விழும். இவற்றில் முக்கால்வாசி, லைட் வைக்கும்போதே தீர்மானமாகிவிடும் விஷயங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் படம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். பெரிய ஸ்டுடியோவில் தூரம் தாராளமாகக் கிடைக்கும். வெளிச்சம் கொஞ்சம் சிதறினாலும் எங்கோ போய் மங்கிவிடும். சின்ன அறையில் சிதறியதெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடும். அதனால் வாட் கணக்கைப் பிறகு பாருங்கள். வெளிச்சத்தை வேண்டிய இடத்தோடு நிறுத்த முடிகிறதா, குறைவான இடத்தில் உட்காருகிறதா என்ற இரண்டையும் கேட்டுத்தான் ஒவ்வொரு பொருளையும் வாங்க வேண்டும்.

மென்பொருள் எதைத் தேடுகிறது?

இது தெரிந்தால் பாதி முடிவுகள் தாமாக வந்துவிடும். பெட்ரோ விளாஹோஸ் 1950களின் இறுதியில் நீலத் திரைக்காக உருவாக்கிய நிற வித்தியாச முறைதான் திரையின் நிறத்தை நீக்கும் இன்றைய பல கீயிங் மென்பொருள்களுக்கு அடிப்படை. பச்சைத் திரையில் அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையின் அளவை எடுத்துக்கொண்டு, சிவப்பு, நீலம் இரண்டில் எது அதிகமோ அதைக் கழிக்கும். மிச்சம் பெரிதாக இருந்தால் அது திரை. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது ஆள். நடுவில் ஒரு எண் வந்தால் முடி, நிழல், அசைவில் கலங்கிய விரல் என்று அரைகுறையாக ஒளி ஊடுருவும் பகுதி.

உதாரணத்துக்கு, சரியான வெளிச்சத்தில் திரையின் ஒரு புள்ளி சிவப்பு 60, பச்சை 170, நீலம் 70 என்று பதிவாகிறது. மிச்சம் 100. அதே திரை மங்கலாக இருந்து 20, 55, 25 என்று பதிவானால் மிச்சம் வெறும் 30. அதற்குள் சென்சாரின் இரைச்சலும் (புள்ளி புள்ளியான பிசிறு) சேர்ந்து கிடக்கும். சரி, வெளிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தால், பச்சை உச்ச எண்ணான 255இல் முட்டி நின்றுவிடும். மற்ற இரண்டும் ஏறிக்கொண்டே போய், மிச்சம் மறுபடி சுருங்கும். அதாவது திரை ரொம்பப் பளிச்சென்று இருப்பதும் கெடுதல்தான்.

இதைவிட மோசமானது ஒரு மூலையில் 100, இன்னொரு மூலையில் 40 என்று இருப்பது. 40 உள்ள மூலையும் முழுதாக நீங்க வேண்டுமென்றால் மென்பொருளின் வரம்பை 40க்கு இறக்க வேண்டும். இறக்கினால், முடியின் நுனியில் 50, 60 என்று இருந்த புள்ளிகளும் சேர்ந்து காணாமல் போய்விடும். தலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல வரும் வீடியோக்களில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான கேமரா சென்சார்களில் நான்கு ஒளிப்புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்ற அமைப்பு இருக்கிறது. பச்சையில் தகவல் அதிகம், இரைச்சல் குறைவு. அதனால் நீலத் திரையைவிடக் குறைந்த வெளிச்சமே போதும். சின்ன அறையில் வேலை செய்பவருக்கு இது பெரிய சலுகை.

படி 1: அறையை அளந்து, லென்ஸை முடிவு செய்யுங்கள்

லைட் வாங்குவதற்கு முன் ஒரு அளவு நாடாவை எடுங்கள். பேசுபவருக்கும் திரைக்கும் நடுவே எத்தனை அடி கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து அடி இருந்தால் வேலை நடக்கும், ஏழு எட்டு என்றால் நிம்மதி. நான்குக்குக் கீழே போனால் திரையிலிருந்து பச்சை வெளிச்சம் தோளிலும் முடியிலும் அழுத்தமாகப் படியும். நிழலும் திரையில் விழும்.

பன்னிரண்டு அடி நீள அறையில் திரைக்கும் ஆளுக்கும் ஐந்து அடி, ஆளுக்கும் கேமராவுக்கும் ஐந்து அடி, மிச்ச இரண்டு அடி டிரைபாடுக்கும் உங்களுக்கும். இப்போது கேமரா எவ்வளவு அகலத்தைப் பார்க்கும் என்று கணக்குப் போடலாம். தூரத்தை சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் போதும். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. 35 மி.மீ. லென்ஸ் போட்டால், பத்து அடி தள்ளியிருக்கும் திரையில் 6.7 அடி அகலம் ஃபிரேமுக்குள் வரும். 50 மி.மீ. போட்டால் 4.7 அடிதான் வரும்.

இந்த இரண்டு அடி வித்தியாசம் லைட் பட்டியலையே மாற்றிவிடும். ஃபிரேமில் தெரியும் பச்சை குறைந்தால், சமமாக வெளிச்சமூட்ட வேண்டிய பரப்பு குறையும், திரை லைட் சிறியதாக இருந்தாலும் போதும், கசியும் பச்சையும் குறையும். நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரியும்படி பேசும் வீடியோதான் உங்கள் வேலை என்றால் 50 மி.மீ. பக்கமே போங்கள். போனில் எடுப்பவர்கள் முதன்மை கேமராவைத் தவிர்த்து, 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது. வைட் லென்ஸுக்கு அறையின் முழுச் சுவரும் தெரியும்.

தலை முதல் கால் வரை எடுக்க வேண்டும் என்றால் இந்த அளவு அறை பத்தாது. தரையும் பச்சையாக வேண்டும், அந்தத் தரை கால்களில் பச்சையை அடிக்கும். அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

படி 2: திரை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மினுமினுப்பு இல்லாத பரப்பாக இருக்க வேண்டும். சுருக்கம் கூடாது. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். துணி என்றால் நான்கு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள், நீராவியில் தேய்த்தால் இன்னும் நல்லது. நிரந்தர ஸ்டுடியோவுக்கு சுவரில் மேட் (பளபளப்பில்லாத) பச்சை பெயிண்ட் அடிப்பதுதான் என் தேர்வு. இடத்தை அடைக்காது, காற்றில் ஆடாது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பச்சை போதாது, மஞ்சளோ நீலமோ கலக்காத, அடர்த்தியான கீயிங் பச்சையாக இருக்க வேண்டும்.

படி 3: திரைக்கான லைட்

திரைக்கு ஒரு லைட் தொகுதி, ஆளுக்கு ஒரு லைட் தொகுதி என்று தனித்தனியாக வைக்க வேண்டும். இரண்டு லைட்டை வைத்து இரண்டு வேலையையும் முடிக்கப் பார்த்தால் ஆளின் நிழல் திரையில் விழும். முகத்துக்காக லைட்டை நகர்த்தும்போதெல்லாம் திரை கெடும்.

திரை லைட்டுக்குக் கடைகளில் மூன்று வகை கிடைக்கும்: நீளமான குழாய் லைட், சதுர எல்ஈடி பேனல், சாஃப்ட்பாக்ஸ் (துணிப்பெட்டி) மாட்டிய பல்பு. சின்ன அறைக்கு நான் தயங்காமல் சொல்வது நீளமான குழாய் லைட்டுகளை. காரணத்தை ஒரு கணக்கில் காட்டிவிடலாம்.

திரையின் அகலம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் தலா ஒரு லைட், திரைக்கு மூன்று அடி முன்னால், திரையின் ஓரத்திலிருந்து ஓர் அடி வெளியே. இடது லைட்டிலிருந்து இடது ஓரத்துக்கு ஏறக்குறைய 3.2 அடி, வலது ஓரத்துக்கு 7.6 அடி. ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. இரண்டு லைட்டும் எல்லாப் பக்கமும் ஒரேபோல வீசுகின்றன என்று கொண்டு, வெளிச்சம் திரையில் படும் கோணத்தையும் சேர்த்துக் கூட்டினால், ஓரம் நடுப்பகுதியைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசம். அதாவது ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்). நீளமான குழாயை செங்குத்தாக நிறுத்தினால் கதை வேறு. குழாயின் நீளத்தோடு ஒப்பிடும்போது தூரம் ரொம்ப அதிகமாக இல்லாதவரை, வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குப் பதிலாக ஏறக்குறைய தூரத்துக்கு ஏற்பத்தான் குறையும். அதே இடத்தில் வைத்து அதே கணக்கைப் போட்டால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப் பக்கம் வந்துவிடுகிறது. குழாய்க்கு எல்லையில்லாத நீளம் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. நான்கு அடிக் குழாயில் நிஜ வித்தியாசம் கொஞ்சம் கூடும். ஆனாலும் லைட்டைத் திருப்பக்கூட இல்லாமல் கிடைக்கும் லாபம் இது.

குழாயின் நீளம், ஃபிரேமில் தெரியும் திரை உயரத்துக்குக் குறையக் கூடாது. 50 மி.மீ. கணக்கில் அது 2.6 அடி, 35 மி.மீ. என்றால் 3.8 அடி. நான்கு அடிக் குழாய் இரண்டுக்கும் சரியாக இருக்கும். ஸ்டாண்டில் செங்குத்தாகக் கட்டினால் தரையில் இரண்டு கையளவு இடம்தான் பிடிக்கும். சாஃப்ட்பாக்ஸ் ஒன்று ஆழத்தில் மட்டுமே ஒன்றரை, இரண்டு அடியைத் தின்றுவிடும். அந்த இரண்டு அடியை நீங்கள் ஆளுக்கும் திரைக்கும் நடுவே சேர்த்திருக்கலாம்.

பேனல்தான் கையில் இருக்கிறது என்றால் பரவாயில்லை, வீச்சுக் கோணத்தைப் பாருங்கள். 100 முதல் 120 டிகிரி விரிபவை திரைக்கு ஏற்றவை. 30, 45 டிகிரி என்று எழுதியிருப்பவை நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். பழைய சிஎஃப்எல் பல்பு சாஃப்ட்பாக்ஸ் செட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம், திரைக்கு மட்டும் பயன்படுத்தலாம். திரையின் நிறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் அங்கே நிறத் தரம் அவ்வளவு முக்கியமில்லை. இரண்டு பக்கமும் ஒரே வகை பல்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறம் மாற்றக்கூடிய ஆர்ஜிபி குழாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றைப் பச்சையில் வைத்துத் திரைக்கு அடித்தால், திரையிலிருந்து திரும்பும் சிவப்பும் நீலமும் குறைந்து, முன்னால் பார்த்த அந்த மிச்சம் பெருகும். குறைந்த வெளிச்சத்திலேயே சுத்தமான பச்சை கிடைக்கும். ஆனால் அந்தப் பச்சை தப்பித்து ஆளின் மேல் விழுந்தால் வெள்ளை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அசிங்கமாகத் தெரியும். மறைப்பு சரியாகப் போட்ட பிறகு மட்டும் இதை முயலுங்கள்.

லைட்டைத் திருப்பும் முறை: இடது லைட்டின் நடுக்கதிர் திரையின் வலது பாதியை நோக்கிப் போக வேண்டும், வலது லைட்டினுடையது இடது பாதியை நோக்கி. பக்கத்து ஓரத்துக்கு விளிம்பின் மங்கலான வெளிச்சம் மட்டும் படட்டும். அப்புறம் ஆளை நோக்கிய பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையோ பார்ன் டோரோ (லைட்டில் மாட்டும் மடிப்புத் தகடு) வைத்து மறையுங்கள். ஆள் உட்காரும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் குழாயின் ஒளிரும் பகுதி கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது அவர் காதிலும் முடியிலும் படுகிறது என்று அர்த்தம்.

படி 4: சமமாக இருக்கிறதா என்று கேமராவிடமே கேளுங்கள்

கண்ணை நம்பாதீர்கள். அரை ஸ்டாப் வித்தியாசத்தைக் கண் தானே சமன்செய்து காட்டிவிடும். வேவ்ஃபார்ம் (படத்தின் பிரகாசத்தைக் காட்டும் வரைபடம்) காட்டும் மானிட்டர் இருந்தால் வேலை சுலபம்: திரையை மட்டும் ஃபிரேமில் வைத்தால் ஒரு மெல்லிய கிடைக்கோடு தெரிய வேண்டும். கோடு தடித்திருந்தால் சமமில்லை, நடுவில் தொய்ந்திருந்தால் நடுப்பகுதி இருட்டு.

மானிட்டர் இல்லாதவர்கள் கேமராவின் சீப்ரா வசதியை (குறிப்பிட்ட பிரகாசத்தைத் தாண்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்டுவது) வைத்தே துல்லியமாக அளக்கலாம். சீப்ராவை 50 அல்லது 60 சதவீதத்துக்கு மேல் தெரியும்படி வையுங்கள். கேமராவை மேனுவலில் போட்டு, கோடுகள் எங்கேயும் தெரியாத அளவுக்கு ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். பிறகு ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். பெரும்பாலான கேமராக்களில் ஒரு கிளிக் என்பது ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு. முதல் கோடு எந்த இடத்தில் முளைக்கிறதோ அதுதான் திரையின் மிகப் பிரகாசமான இடம். அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். இன்னும் ஒரே கிளிக்கில் திரை முழுக்கக் கோடு நிறைந்துவிட்டால் அருமை. இரண்டு கிளிக் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். மூன்று, நான்கு ஆகிறது என்றால் கடைசியாக நிறையும் இடத்தைப் பார்த்து, லைட்டை அந்தப் பக்கம் திருப்பி மறுபடி எண்ணுங்கள். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் மூலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எடிட்டிங்கில் ஆளைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்தால் அவை போய்விடும். ஆளைச் சுற்றி ஓரிரு அடி சமமாக இருந்தாலே போதும்.

படி 5: பேசுபவருக்கான கீ லைட்

கீ லைட் என்பது முகத்துக்கான முக்கிய லைட். இங்கேதான் நிறத் தரத்துக்குச் செலவு செய்ய வேண்டும். தோல் நிறம் உயிரோடு தெரிவது இந்த ஒரு லைட்டைப் பொறுத்தது.

சிஓபி வகை எல்ஈடி (ஒரே பல்பு போல ஒளிர்வது) ஒன்று, அதன் முன் 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் அல்லது 90 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ், அதன் முகத்தில் துணிக் கிரிட் (கட்டம் கட்டமான வலை). இந்த மூன்றில் எதை விட்டாலும் கிரிட்டை விட்டுவிடாதீர்கள். சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தை மென்மையாக்கும். ஆனால் பக்கவாட்டில் எல்லா இடத்துக்கும் பரப்பும், சின்ன அறையில் அது திரைக்கும் போகும். கிரிட் அதைக் கட்டுப்படுத்தி முன்னால் மட்டும் அனுப்பும். அதே காரணத்துக்காக வெள்ளைக் குடை வேண்டவே வேண்டாம். அது அறை முழுவதையும் வெளிச்சமாக்கும் கருவி. லைட் வாங்கும்போது போவன்ஸ் மவுண்ட் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் சாஃப்ட்பாக்ஸும் அதில் பொருந்தும்.

எவ்வளவு சக்தி வேண்டும்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் எஃப் எண்ணின் வர்க்கத்தை 250ஆல் பெருக்குங்கள். 250 என்பது லைட் மீட்டர்களில் வழக்கமாகப் பயன்படும் மாறிலி. வரும் விடையை ஷட்டர் வேகத்தின் கீழ் எண்ணால் பெருக்கி, ஐஎஸ்ஓவால் வகுத்தால் முகத்துக்குத் தேவையான வெளிச்சம் லக்ஸ் அலகில் கிடைக்கும். எஃப் 4, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 400 என்றால் 500 லக்ஸ். ஐஎஸ்ஓ 100இல் எடுக்க ஆசைப்பட்டால் 2000 லக்ஸ். லைட் ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தால், 500 லக்ஸுக்கு ஒரு மீட்டரில் 1125 லக்ஸ் தர வேண்டும், அதுவும் சாஃப்ட்பாக்ஸும் கிரிட்டும் மாட்டிய நிலையில். அவை இரண்டும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லக்ஸ் எண் பெரும்பாலும் ரிஃப்ளெக்டர் மாட்டி, வெளிச்சத்தைக் குவித்து அளந்தது. அதை நம்பி வாங்காதீர்கள். நடைமுறையில் 100 வாட் பகல் வெளிச்ச எல்ஈடி இந்த அறைக்கு நிம்மதியாகப் போதும். 60 வாட் என்றால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். 300 வாட் வாங்கினால் பத்து சதவீதத்தில் டிம் செய்துதான் ஓட்டுவீர்கள். அந்தக் காசு வேறு பொருளுக்குப் போகட்டும்.

இடம்: கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள கோட்டிலிருந்து 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே. கூரை தாழ்வாக இருந்தால் நினைத்த உயரத்துக்குத் தூக்க முடியாது, நிழல் தரைக்கு இறங்காமல் திரையிலேயே விழும். அப்போது பக்கவாட்டுக் கோணம்தான் காப்பாற்றும். 45 டிகிரியில் அடிக்கும் லைட், ஆளுக்கு ஐந்து அடி பின்னால் இருக்கும் திரையில் நிழலை ஐந்து அடி பக்கவாட்டில் தள்ளிவிடும். 50 மி.மீ. ஃபிரேமின் பாதி அகலம் 2.35 அடிதான். நிழல் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது.

முகத்துக்கும் திரைக்கும் உள்ள விகிதம்: திரை, முகத்தின் கீ வெளிச்ச அளவுக்குச் சமமாகவோ அரை ஸ்டாப் குறைவாகவோ இருக்கட்டும். வேவ்ஃபார்மில் திரை பாதி உயரத்தை ஒட்டி, 45இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்ல இடம். முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பும் ஃபில் லைட் வாங்க வேண்டாம் என்பேன். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் ஃபில் தானாகவே கிடைக்கும், சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே. கூடுதலாக வேண்டுமானாலோ, படி 8இல் சொல்லும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்ட பிறகு குறைந்தாலோ, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் போர்டு.

படி 6: ரிம் லைட் எப்போது?

முடியிலும் தோளிலும் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஒளிக்கோடு விழுந்தால் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவார், பச்சைக் கசிவும் அதில் மங்கும். ஆனால் நீங்கள் சேர்க்கப்போகும் பின்னணியில் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறதா? ஜன்னல், நகர இரவு, மேடை போன்றவை என்றால் ரிம் லைட் வேண்டும். வெறும் கிராஃபிக்ஸ், ஸ்லைடு, தட்டையான அலுவலகச் சுவர் என்றால் அந்தக் கோடே ஒட்டவைத்த உணர்வைத் தரும். பின்னணியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு லைட்டை வையுங்கள். அதில் வெளிச்சம் இடதிலிருந்து வந்தால் உங்கள் கீ லைட்டும் இடதிலிருந்துதான் வர வேண்டும். இதைத் தவறவிட்டால் எவ்வளவு சுத்தமாகக் கீயிங் செய்தாலும் கண் ஒத்துக்கொள்ளாது.

20, 30 வாட் சின்ன லைட் ஒன்று, கிரிட்டோடு, கூரையிலோ பூம் கம்பியிலோ தொங்கினால் போதும். ரிம் லைட்டில் மெஜந்தா நிற ஜெல் தாள் போட்டுப் பச்சையை அடக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இப்போது மென்பொருளே கசிவை நீக்கிவிடுகிறது. ஜெல் போட்டால் முடியில் இளஞ்சிவப்பு ஒட்டிக்கொள்ளும், அதைக் கழுவுவது அதைவிடச் சிரமம்.

படி 7: பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 95 என்று எழுதியிருந்தால் நல்லதுதான், ஆனால் அந்தச் சராசரி எட்டு மென்மையான நிறங்களை மட்டும் வைத்துப் போட்டது. தோலுக்கு முக்கியமான அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அது ஆர்9 என்ற தனி எண். கீ லைட்டுக்கு ஆர்9 மதிப்பு 90ஐ ஒட்டி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். டிஎல்சிஐ என்ற அளவு கேமரா பார்க்கும் விதத்தையே கணக்கில் எடுத்து ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2012இல் கொண்டுவந்தது. வீடியோவுக்கு அதுவே பொருத்தமான எண், 90க்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நிற வெப்பநிலையில், நிரந்தரமாக ஒரே அறையில் எடுப்பவருக்கு 5600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) மட்டும் தரும் லைட் போதும். மஞ்சள், வெள்ளை இரண்டும் தரும் பை-கலர் லைட்டில் இரண்டு வகை எல்ஈடி ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு முனையில் வைக்கும்போது பாதி சும்மா இருக்கும். ஜன்னலைக் கனமான திரையால் மூடிவிடுங்கள். மேகம் வந்து போகும்போதெல்லாம் மாறும் வெளிச்சத்தோடு போராட முடியாது.

அடுத்தது ஃபிளிக்கர், அதாவது லைட்டின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120. வாங்கும்போது லைட்டைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, போனின் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். டிம் செய்யும்போதுதான் மலிவான லைட்டுகள் துடிக்கும், திரையில் பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டைகளோடு எந்த மென்பொருளும் ஒழுங்காகக் கீயிங் செய்யாது.

விசிறிச் சத்தத்தைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கடையின் இரைச்சலில் தெரியாதது, மைக்கிலிருந்து நான்கு அடியில் நன்றாகவே தெரியும். பழைய ஹாலோஜன் வகை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 1000 வாட் இழுத்து அநேகமாக அத்தனையையும் வெப்பமாக அறைக்குள் விடும். எல்ஈடியில் மேலே சொன்ன எல்லா லைட்டும் சேர்ந்தே சில நூறு வாட்தான்.

படி 8: கறுப்புத் துணி

பட்டியலில் மிக மலிவான பொருள் இதுதான். ஆனால் சின்ன ஸ்டுடியோவில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை. பச்சைக் கசிவு, ஒளிரும் பச்சைப் பரப்பின் அளவைப் பொறுத்தது. ஃபிரேமில் தெரியாத திரைப் பகுதி எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கச் சுவர்களிலும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், வெள்ளைச் சுவர் பச்சையை வாங்கித் திருப்பி அவர் கன்னத்தில் அடிப்பது நின்றுவிடும். வெளிர் நிறத் தரை என்றால் அதற்கும் ஒரு துணி. சுவருக்கு அடர்சாம்பல் பெயிண்ட் அடிக்க முடிந்தால் இன்னும் வசதி. ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை போடுங்கள். நடமாட இடமில்லாத அறையில் யாராவது ஒருவர் காலைத் தட்டத்தான் செய்வார்.

படி 9: கேமரா

வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். பிக்சர் ப்ரொஃபைலில் ஷார்ப்னஸை முழுதாகக் குறையுங்கள். கேமரா தானாகப் போடும் கூர்மைக்கோடுதான் தோளைச் சுற்றி வளையமாகத் தெரிவது. எஃப் 4 அல்லது 5.6 வைத்தால் ஆள் முழுக்கக் கூர்மையாகவும் திரை லேசாக மங்கியும் இருக்கும், சின்னச் சுருக்கங்கள் அதில் மறையும். பெரும்பாலான கேமராக்கள் 4:2:0 முறையில் பதிவதால், நிறத் தகவலின் அகலமும் உயரமும் பாதிதான். 1080 வீடியோவில் நிறம் 960க்கு 540 புள்ளிகளே. முடிவு வீடியோ 1080 ஆக இருந்தாலும் 4கேயில் எடுத்துச் சுருக்கினால், நிறத்துக்கும் முழு 1920க்கு 1080 கிடைக்கும். முடி ஓரத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்களுக்கு என் வரிசை: முதலில் கறுப்புத் துணியும் கிளிப்புகளும். அடுத்து திரைக்கான இரண்டு குழாய்கள். பிறகு கீ லைட், சாஃப்ட்பாக்ஸ், கிரிட். இவற்றோடு தாராளமாகப் படம் எடுக்கலாம். ரிம் லைட் பிறகு வரட்டும். வேவ்ஃபார்ம் மானிட்டர் அதற்கும் பிறகு. கீ லைட்டை முதலில் வாங்கி, திரையை இருட்டில் விட்டுவிட்டு, மென்பொருளோடு மல்லுக்கட்டுவதுதான் பலரும் போகும் வழி. அதற்கு எதிர்த் திசையில் போகச் சொல்கிறேன்.

டெஸ்ட் ஷாட்

ஒரு நிமிடம் எடுத்தால் போதும், ஆனால் கடினமானதை எல்லாம் அதில் சேர்த்துவிடுங்கள். முடியைக் கலைத்து விட்டுக்கொண்டு தலையை இருபுறமும் திருப்பச் சொல்லுங்கள். விரல்களை விரித்து வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியோடு. வெள்ளைச் சட்டை போடும் வழக்கம் இருந்தால் அதே சட்டையோடு, கசிவு முதலில் தெரிவது அதில்தான். இதை மென்பொருளில் ஏற்றி, பச்சையை ஒருமுறை கிளிக் செய்து, வேறெந்த அமைப்பையும் தொடாமல் மேட் காட்சியை (எது நீங்குகிறது, எது நிற்கிறது என்பதைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது) மட்டும் பாருங்கள். திரை முழுக் கறுப்பாக, ஆள் முழு வெள்ளையாக, முடி நுனிகள் சாம்பலாகத் தெரிய வேண்டும். திரையில் சாம்பல் திட்டு இருந்தால் படி 4க்குத் திரும்புங்கள். ஆளுக்குள் சாம்பல் இருந்தால் அது கசிவு, படி 8. விரல்கள் மட்டும் கரைகின்றன என்றால் ஷட்டரை 1/100க்கு ஏற்றுங்கள், இழக்கும் ஒரு ஸ்டாப்பைக் கீ லைட்டிலும் திரையிலும் சம அளவில் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேட் சுத்தமாக வந்ததும் எதையும் நகர்த்துவதற்கு முன், ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும், ஆளின் நாற்காலிக்கும், டிரைபாடுக்கும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். லைட்டுகளின் டிம்மர் எண்களையும் கேமரா அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.